பறவையும் பூச்செடியும் பேசும் இதழை வேலூர் வீட்டில் படித்து ரசிப்பது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் இருக்கும் என் அக்கா மகள் ஊருக்கு வரும்போதெல்லாம் பெட்டியின் அடியில் அங்கே வெளியாகும் தோட்டப் பறவை இதழ்களில் பத்துப் பன்னிரண்டு பழைய பிரதிகளை அடுக்கிக்கொண்டு வருவாள். வீட்டுத் தோட்டத்துக்கு வரும் பறவைகள், பூச்செடிகள், வாசகர்கள் எடுத்து அனுப்பிய படங்கள், கேள்வி பதில் என்று எல்லாம் இலகுவான சங்கதிகள். வழவழ தாள். ஒரு இதழை ஒரே மதியத்தில் முடித்துவிடலாம்.

முதல் இரண்டு வருடம் நான் படம் மட்டும் பார்த்தேன். அடுத்த வருடம் அதில் சொன்னதையெல்லாம் அப்படியே செய்தேன். பாதிக்கு மேல் பலிக்கவில்லை. அதற்குப் பிறகுதான் இந்த இதழ்களைப் படிக்கும் முறை பிடிபட்டது. அவர்கள் கேட்கும் கேள்வியை எடுத்துக்கொள்ள வேண்டும், பதிலை நம் தோட்டத்தில் தேட வேண்டும். இப்போது ஒரே இதழ் எனக்கு இரண்டு மாதம் ஓடுகிறது. அந்த முறையைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறேன். அச்சு இதழ் கிடைக்காதவர்கள் மின்னிதழாக வாங்கி டேப்லெட்டில் படித்தாலும் முறை இதேதான்.

படி 1: நேரமும் இடமும்

வேலூர் வெயிலில் பறவைகளுக்கும் கால அட்டவணை உண்டு. காலையில் ஆறு முதல் எட்டரை வரை, மாலையில் நாலரை முதல் இருட்டும் வரை அவை சுறுசுறுப்பாக இருக்கும். மதியம் ஒரு மணிக்குக் காக்கைகூட வேப்பமரத்தின் உள்கிளையில் வாயைப் பிளந்தபடி உட்கார்ந்திருக்கும். உடம்புச் சூட்டைத் தணிக்க அதற்குத் தெரிந்த வழி அது. ஆகவே மதியத்தை இதழுக்கு வைத்துக்கொள்ளுங்கள், காலையையும் மாலையையும் தோட்டத்துக்கு. மதியம் படித்த பக்கம் மாலையில் கண்ணெதிரே நடக்கும்போது வரும் சந்தோஷமே தனி.

உட்காரும் இடம் செடி தெரிகிற இடமாக இருக்கட்டும். பின்வாசல் படி, மொட்டை மாடி, அடுக்குமாடி வீட்டு பால்கனி, எதுவானாலும் சரி. இந்த இதழ்களில் வரும் வீட்டுப் பின்புறத்தைக் கொல்லைப்புறம் என்று எழுதிப் பார்த்திருப்பீர்கள். எங்கள் பக்கத்துக் கிராமங்களில் கொல்லை என்றால் கம்பும் கேழ்வரகும் விளைகிற நிலம். அதனால் நான் தோட்டம் என்றே சொல்கிறேன். ஐந்து தொட்டி இருந்தாலும் அது தோட்டம்தான்.

கையில் ஒரு நோட்டும் பென்சிலும் போதும். பைனாகுலர் வாங்குவதானால் 8×42 அளவில், அதாவது எட்டு மடங்கு பெரிதாக்கிக் காட்டுவதாக வாங்குங்கள். அதைவிடப் பெரிதாக்கிக் காட்டுவதை வாங்கினால் கை நடுக்கத்தில் படம் ஆடும். முதல் ஆறு மாதத்துக்கு அதுகூடத் தேவையில்லை.

படி 2: முதல் சுற்றில் படம் மட்டும்

எடுத்ததும் எழுத்தைப் படிக்காதீர்கள். முதலிலிருந்து கடைசி வரை படங்களை மட்டும் பாருங்கள். பறவை எதில் உட்கார்ந்திருக்கிறது, கிளையிலா, வேலியிலா, தரையிலா? அலகு குட்டையா, நீளமா, வளைந்ததா? வால் எப்படி நிற்கிறது? இப்படிப் பார்த்துப் பழகிய கண் நம் தோட்டத்திலும் அதே கேள்விகளைக் கேட்கும். நிறத்தை வைத்துப் பறவையைக் கண்டுபிடிக்க நினைப்பவர்கள்தான் அதிகம் தடுமாறுகிறார்கள். உருவம், அலகு, வால், நடை ஆகியவற்றைப் பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

படி 3: நோட்டில் "அங்கே" ஒரு பத்தி, "இங்கே" ஒரு பத்தி

இந்த வழிகாட்டியின் உயிர் இந்தப் படிதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரியுங்கள். இடது பக்கம் இதழில் வந்த பறவை, செடி, யோசனை. வலது பக்கம் அதன் இடத்தில் நம்மிடம் என்ன இருக்கிறது என்பது.

முதலில் ஹம்மிங்பேர்ட், தமிழில் ரீங்காரச் சிட்டு என்கிறார்கள். கோடை இதழ்களில் இது இல்லாத அட்டையே குறைவு. அமெரிக்கக் கண்டங்களைத் தவிர வேறெங்கும் இந்தப் பறவை இயற்கையாகக் கிடையாது. நம்மிடம் அந்த வேலையைச் செய்வது தேன்சிட்டு. இரண்டும் பூவில் தேன் குடிக்கும், இரண்டும் மினுமினுக்கும், ஆனால் உறவு கிடையாது. ரீங்காரச் சிட்டு காற்றில் ஒரே இடத்தில் நின்று குடிக்கும். தேன்சிட்டு பெரும்பாலும் காம்பில் உட்கார்ந்து, தலைகீழாகத் தொங்கிக் குடிக்கும்.

ஒரு பங்கு சர்க்கரைக்கு நான்கு பங்கு தண்ணீர் கலந்து சிவப்பு மூடி போட்ட புட்டியில் தொங்கவிடச் சொல்வார்கள். நானும் ஒரு ஏப்ரல் மாதம் தொங்கவிட்டேன். இரண்டு நாளில் கயிறு முழுவதும் எறும்பு, புட்டியைச் சுற்றிக் குளவி, தண்ணீர் புளித்துப் போனது. தேன்சிட்டு ஒன்றுகூட எட்டிப் பார்க்கவில்லை. அது பக்கத்து வீட்டு வாழைப்பூவில் மடல் மடலாகத் தேன் குடித்துக்கொண்டிருந்தது! அன்றைக்கு நோட்டின் வலது பக்கத்தில் எழுதினேன்: வாழை, முருங்கை, செம்பருத்தி, இட்லிப்பூ. இந்த நான்கில் இரண்டு இருந்தால் புட்டி வேண்டாம்.

கார்டினல் என்று சிவப்புக் கொண்டையோடு ஒரு பறவை குளிர்கால இதழ்களில் பனிமேல் உட்கார்ந்திருக்கும். ஒஹாயோவின் மாநிலப் பறவையும் அதுதான். நம்மிடம் நேர் இணை இல்லை. ஆனால் அட்டையைப் பார்த்ததும் கொண்டைக்குருவியின் ஞாபகம் வரும். கறுப்புத் தலை, சின்னக் கொண்டை, வாலடியில் ஒரு துளி சிவப்பு. அதைச் சின்னான் என்றும் சொல்வார்கள். நீல ஜே என்ற பறவைக்கு வால்காக்கை சரியான ஜோடி. இரண்டுமே காக்கைக் குடும்பம், இரண்டுக்கும் திருட்டுக் குணமும் பல குரலும் உண்டு.

சிட்டுக்குருவி விஷயத்தில் நோட்டு தலைகீழாகத் திரும்பும். அங்கே கூட்டுப்பெட்டியில் சிட்டுக்குருவி நுழையாமல் தடுப்பது எப்படி என்று பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். முதல்முறை படித்தபோது எனக்கு மனசு கேட்கவில்லை. காரணம் தெரிந்த பிறகு புரிந்தது. 1850களின் தொடக்கத்தில் நியூயார்க்கின் புரூக்ளினில் வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட பறவை அது. பெருகிப்போய், அந்த மண்ணின் பறவைகளைக் கூட்டிலிருந்து விரட்டுகிறது. நமக்கோ அது வீட்டு விளக்கு மாடத்தில் கூடு கட்டிய சொந்தக் குருவி. மார்ச் 20ஆம் தேதி அதற்காக ஒரு நாளே வைத்துக் கொண்டாடுகிறோம். ஆகவே அந்தப் பக்கத்தில் பெட்டி செய்யும் அளவுகளை மட்டும் எடுத்துக்கொண்டு, குருவியை வரவேற்கும் பெட்டியாக மாட்டிவிடுங்கள்.

என் மனசுக்கு மிகவும் பிடித்த ஜோடி வண்ணத்துப்பூச்சியில் இருக்கிறது. மோனார்க் என்ற ஆரஞ்சு வண்ணத்துப்பூச்சியைக் காப்பாற்ற, பால் வடியும் ஒருவகைச் செடியை வளர்க்கச் சொல்லி அந்த இதழ்கள் கெஞ்சுகின்றன. அந்தச் செடியின் நெருங்கிய சொந்தம் நம் எருக்கு. மோனார்க்கின் நெருங்கிய சொந்தமான வெந்தய வரியன் எருக்கிலையில்தான் முட்டை வைக்கும். காலி மனையில் நிற்கும் எருக்கின் இலையைத் திருப்பிப் பாருங்கள். கறுப்பு, வெள்ளை, மஞ்சள் வரியோடு புழு மேய்ந்துகொண்டிருக்கும். கடல் தாண்டி வந்த பக்கமும் தெருமுனைச் செடியும் இப்படிச் சேர்கிற இடத்தில்தான் இந்த இதழ்களின் மேல் எனக்குப் பிரியம் வந்தது.

படி 4: மாதங்களை மாற்றிப் போடுங்கள்

அவர்கள் மார்ச், ஏப்ரல் மாதங்களில் "பறவைகள் வருகின்றன" என்று எழுதுவார்கள். நமக்கு அதே மாதங்களில்தான் விருந்தாளிகள் கிளம்புகிறார்கள். செப்டம்பர், அக்டோபரில் வடக்கிலிருந்து வரும் வாலாட்டி, மாங்குயில், ஆறுமணிக்குருவி எல்லாம் பங்குனி, சித்திரையில் திரும்பிவிடும். ஆகவே அவர்களின் வசந்த இதழை நான் எடுத்து வைத்து ஐப்பசியில் படிக்கிறேன்.

ஆறுமணிக்குருவியைப் பற்றி ஒரு வார்த்தை. பச்சை முதுகு, மங்கிய மஞ்சள் வயிறு, வாலடியில் சிவப்பு, குட்டை வால். விடியலிலும் அந்தியிலும் குரல் கொடுப்பதால் அந்தப் பெயர். மரத்தடியில் உதிர்ந்த சருகைக் கிளறிப் பூச்சி தேடும். சருகைக் கூட்டிக் கொளுத்திவிடும் வீட்டில் அதற்கு வேலையில்லை. அக்டோபரில் பயணக் களைப்போடு வீட்டுக்குள் வந்து விழுந்தால், காற்றோட்டமுள்ள அட்டைப்பெட்டியில் இருட்டாக வைத்து, தெளிந்ததும் மரமுள்ள இடத்தில் விட்டுவிடுங்கள். தண்ணீரை வாயில் ஊற்றாதீர்கள்.

விதைப்புக்கும் இதே மாற்றம்தான். அங்கே பனி உருகியதும் விதைப்பார்கள். நமக்கு ஆடிப்பட்டம்.

படி 5: வெயிலைத் திருத்திப் படியுங்கள்

பாரன்ஹீட் கணக்கைக் கண்டு பயப்பட வேண்டாம். "வேலூரில் வெயில் சதம் அடித்தது" என்று நாம் நாளிதழில் படிப்பதே அந்தக் கணக்குதான். 100 டிகிரி பாரன்ஹீட் என்பது 38 டிகிரி செல்சியஸ்.

ஆனால் "முழு வெயில் தேவை" என்று ஒரு செடிக்குப் போட்டிருந்தால் நம்பி மொட்டை மாடியில் வைத்துவிடாதீர்கள். அவர்கள் சொல்வது நாளுக்கு ஆறு மணி நேரம் நேர்வெயில், அதுவும் அவர்கள் ஊர் வெயில். இங்கே மாசி வரை அது சரி. கத்திரி வெயிலில் அதே செடிக்குக் காலை வெயில் மட்டும் போதும், மதியத்துக்கு நிழல்வலை வேண்டும். செடிப் பக்கங்களில் 5, 6, 7 என்று மண்டல எண்ணும் போட்டிருப்பார்கள். குளிர்காலத்தின் கடுங்குளிரைச் செடி தாங்குமா என்ற கணக்கு அது. நம்முடைய கேள்வி வேறு: மே மாதம் தாங்குமா? டூலிப், லைலாக், பியோனி போன்றவற்றுக்குக் குளிரில் உறங்கி எழ வேண்டும், இங்கே ஆகாது. ஆன்லைனில் கிழங்கு வாங்கிப் பணத்தை விட வேண்டாம். ஜினியா, சூரியகாந்தி, காஸ்மாஸ், செண்டுமல்லி, டேபிள் ரோஸ் ஆகிய பக்கங்களைத் தைரியமாகப் பின்பற்றலாம்.

ஒரு எச்சரிக்கை. வண்ணத்துப்பூச்சிக்கு நல்லது என்று லாந்தனாவைச் சிபாரிசு செய்வார்கள். அது நம் உண்ணிச்செடி. அவர்கள் கண்டத்திலிருந்து வந்து ஜவ்வாது மலைக் காடுகள் வரை பரவி மற்றச் செடிகளை நெருக்கிக்கொண்டிருக்கிறது. அதை மட்டும் வைக்காதீர்கள்.

படி 6: தீனியைவிடத் தண்ணீர் முக்கியம்

தீனித் தட்டு, கூண்டுத் தட்டு, கொழுப்புக் கட்டி என்று இதழில் விளம்பரமே பாதி. பனியில் பூச்சியும் பழமும் கிடைக்காத ஊருக்கு அது தேவை. நம் ஊரில் அவ்வளவு அவசியமில்லை. அப்புறம், சாப்பிடும் முன் காக்கைக்கு ஒரு பிடி சோறு வைக்கிற பழக்கம் நம் வீடுகளில் எந்த இதழும் வருவதற்கு முன்பே உண்டு. உப்பும் எண்ணெயும் சேராத சோறாக இருக்கட்டும். சிட்டுக்குருவிக்கும் சில்லைக்கும் கம்பு, தினை, நொய் கொஞ்சம் போடலாம். கொட்டிக் குவித்தால் மாடப்புறாக் கூட்டம் வந்து மற்றவற்றை விரட்டிவிடும்.

தங்க நிற ஃபிஞ்ச் என்ற சின்னக் குருவிக்கு என்று நைஜர் விதையை அங்கே விலை கொடுத்து வாங்குகிறார்கள். அது நம் பேயெள்ளு, இந்தியாவிலிருந்தும் எத்தியோப்பியாவிலிருந்தும் போகிற விதை. இன்னொரு யோசனை, அணில் தின்னாமல் இருக்க விதையில் மிளகாய்த்தூள் கலப்பது. பறவைகளுக்கு மிளகாயின் காரம் உறைக்காது, அணிலுக்கு உறைக்கும். இதைப் படித்த பிறகுதான் எங்கள் மதில் ஓரத்தில் யாரும் விதைக்காமல் ஊசிமிளகாய்ச் செடி முளைப்பதன் ரகசியம் விளங்கியது. கொண்டைக்குருவி பழத்தை முழுங்கி, மதில்மேல் உட்கார்ந்து எச்சம் போடுகிறது.

தண்ணீர்ப் பக்கங்களை மட்டும் ஒரு வரி விடாமல் படியுங்கள். பாலாறு மணலாகக் கிடக்கும் ஊரில் மாசி முதல் ஆனி வரை ஒரு தட்டுத் தண்ணீர் பெரிய காரியம். கரிகிரிப் பக்கம் மண்பாண்டம் வாங்கும்போது அகலமான, மேலோட்டமான தட்டாகப் பாருங்கள். ஆழம் இரண்டு அங்குலத்துக்கு மேல் வேண்டாம். சின்னப் பறவை நிற்க நடுவில் ஒரு தட்டைக் கல் வையுங்கள். நிழலில், பூனை பதுங்க முடியாத இடத்தில், பக்கத்தில் ஒரு கிளை இருக்கும்படி வைக்கலாம். தினமும் தண்ணீரைக் கொட்டித் தேய்த்துக் கழுவிப் புதுத் தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு வாரம் அப்படியே விட்டால் டெங்குக் கொசுவுக்கு வீடாகிவிடும்.

படி 7: ஒரு இதழுக்கு ஒரு செடி

ஒவ்வொரு இதழிலும் பத்துச் செடிக்கு ஆசை வரும். ஒன்று மட்டும் நடுங்கள், அதுவும் நம் மண்ணுக்கேற்ற மாற்றாக. நான் முதலில் சொல்வது கறிவேப்பிலை. பழம் கறுத்ததும் குயிலும் கொண்டைக்குருவியும் போட்டி போடும். இலையில் கறிவேப்பிலை அழகி என்ற வண்ணத்துப்பூச்சி முட்டை வைக்கும். அதன் இளம்புழு அச்சு அசல் பறவை எச்சம் போலவே இருக்கும். அப்படி இருப்பதால் பறவை அதைத் தொடாமல் போகிறது. இலையைத் தின்கிறதே என்று மருந்து அடிக்காதீர்கள், மரம் மறுபடி தழைக்கும். தானியம் தின்னும் குருவிகள்கூடக் குஞ்சுக்கு ஊட்டுவது புழு பூச்சிதான். பூச்சியில்லாத தோட்டத்துக்குப் பறவை வராது.

அடுத்தது கொய்யா, சீத்தா, மாதுளை, இடமிருந்தால் நாவல். இலவம்பாடி முள் கத்தரியை ஒரு பாத்தி போட்டால் நமக்கும் குழம்பு ஆகும். அதன் அடியில் தவிட்டுக்குருவிகள் கூட்டமாக இலையைப் புரட்டிப்போட்டு வேலை செய்வதை உட்கார்ந்து பார்க்கலாம். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற காய் அது.

படி 8: கூட்டைத் தேடாதீர்கள், கூடு தானாகத் தெரியும்

இதழில் வரும் கூட்டுப் படங்களைப் பார்த்துவிட்டுக் கிளையை விலக்கித் தேடும் ஆசை வரும். வேண்டாம். நாம் போட்ட வழியில் பூனையும் காக்கையும் போகும்.

எங்கள் வீட்டில் தொட்டியில் நின்ற அத்திக் கன்றில் இரண்டு இலை ஒட்டிக்கொண்டிருப்பதை நான் தண்ணீர் ஊற்றும்போதுதான் கவனித்தேன். நோய் என்று நினைத்துப் பிரிக்கக் கை போனது. விளிம்பில் வரிசையாக ஊசிக்குத்து. ஒவ்வொரு குத்திலும் சிலந்தி நூலும் பஞ்சும் நுழைத்து, வெளிப்பக்கம் சின்னக் குமிழாகப் பிரித்துவிட்டிருந்தது, நூல் உருவிக்கொண்டு வராமல் இருக்க. உள்ளே இலவம்பஞ்சு மெத்தை. தையல்சிட்டின் வேலை. கட்டை விரல் அளவுப் பறவை, வாலை நட்டுக்கொண்டு "டுவீட் டுவீட்" என்று தெருவுக்கே கேட்கக் கத்தும். அந்தத் தொட்டிக்கு மட்டும் நீண்ட குழாய் வைத்துத் தூரத்திலிருந்து தண்ணீர் விட்டேன். சுமார் 12 நாள் அடை, அதன்பின் இரண்டு வாரத்தில் குஞ்சுகள் பறந்துவிடும். அந்த ஒரு மாதம் கத்தரிக்கோலை எடுக்காமல் இருந்தால் போதும்.

இன்னொன்று. பச்சைக்கிளி அழகாக இருக்கிறதே என்று கூண்டில் வைப்பது 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வீட்டில் பிள்ளைகள் கேட்டால் கொய்யாவில் அது ஒற்றைக் காலால் பழத்தைப் பிடித்துத் தின்பதைக் காட்டுங்கள்.

படி 9: பயணப் பக்கங்கள்

பறவை பார்க்கப் போகும் ஊர்கள் என்று ஒரு பக்கம் கட்டாயம் இருக்கும். அதற்கு நம் பதில்கள் பக்கத்திலேயே இருக்கின்றன. கோட்டை அகழியில் நீர்க்காகமும் கொக்கும், மழை பெய்த வருடம் காவேரிப்பாக்கம் ஏரியில் வாத்து வகைகளும், அமிர்தியிலும் ஏலகிரியிலும் காட்டுப் பறவைகளும். காலை ஆறு மணிக்கு அங்கே இருக்கும்படி கிளம்புங்கள்.

படி 10: பொங்கலுக்கு எண்ணிப் பாருங்கள்

பிப்ரவரி இதழில் வீட்டுத் தோட்டப் பறவைக் கணக்கெடுப்பு என்று ஒரு அழைப்பு வரும். 1998இல் அமெரிக்காவில் தொடங்கியது, இப்போது உலகம் முழுக்க நடக்கிறது. நமக்கு ஒவ்வொரு வருடமும் அந்த பிப்ரவரிக்கு ஒரு மாதம் முன்னதாக, தை மாதத்தில் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு இருக்கிறது. பொங்கல் விடுமுறை நாட்களில் குறைந்தது 15 நிமிடம் ஒரே இடத்தில் நின்று, பார்த்ததையும் கேட்டதையும் எண்ணி, இபேர்ட் செயலியில் பதிவு செய்ய வேண்டும், அவ்வளவுதான். தெரியாத பறவையைத் தெரிந்தது போல எழுத வேண்டாம், விட்டுவிடுங்கள்.

அதற்கு முன்னால் போகி வரும். பழைய பேப்பர் கட்டோடு இந்த இதழ்களையும் தீயில் போட்டுவிடாதீர்கள். முடித்தவற்றைத் தெருப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். எங்கள் தெருவில் மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி கார்டினல் படத்தைக் கத்தரித்து நோட்டில் ஒட்டி, பக்கத்தில் கொண்டைக்குருவியை வரைந்து எடுத்துக்கொண்டு வந்தாள். "பெரியம்மா, இதுக்கு சிவப்பு கீழ இருக்கு, அதுக்கு மேல இருக்கு" என்றாள்.

போன பொங்கலன்று அவளும் நானும் பின்வாசல் படியில் உட்கார்ந்து 15 நிமிடம் எண்ணினோம். காக்கை 6, மைனா 4, கொண்டைக்குருவி 2, தவிட்டுக்குருவி 7, தேன்சிட்டு 2, புள்ளிப்புறா 1, கரிச்சான் 1, வாலாட்டி 1. தையல்சிட்டு கண்ணில் படவில்லை, குரல் மட்டும் கேட்டது. கேட்டதும் கணக்கில் சேரும் என்று சொன்னதும், அதையும் அவளே எழுதிக்கொண்டாள்.